மிஷின் ஓடும்போது மட்டும்

எங்கள் தெருவில் மாவு மில் வைத்திருந்த அக்கா ஊமை இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் சின்ன காஞ்சிபுரத்தில் பாதிப் பேர் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். மீதிப் பேர் திமிர் பிடித்தவள் என்றார்கள். "எதிர்ல வந்தா ஒரு சிரிப்பு கெடையாது, கேட்டா ஒரு பதிலு கெடையாது, இன்னா கெத்து பாரு" என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. வந்த புதிதில் நானும் அந்தக் கட்சிதான்.

எனக்கு வாய் ஜாஸ்தி. ஜாக்கெட் தைக்கிறவளுக்கு வாய் இல்லாவிட்டால் பிழைப்பு ஓடாது. கல்யாணப் பட்டுக்கு ஜாக்கெட் கொடுக்க வருகிற ஒவ்வொரு அம்மாவும் சம்பந்தி வீட்டுக் கதை முழுவதையும் சொல்லிவிட்டுத்தான் அளவு கொடுப்பாள். நானும் சளைக்காமல் பதில் சொல்லிக்கொண்டே டேப் பிடிப்பேன். அப்படிப்பட்ட நான், மில்லுக்கு நேர் எதிர் வீட்டுக்கு வாடகைக்கு வந்த வாரம், அரிசித் தூக்கோடு போய் நின்றேன்.

"அக்கா, இடியாப்பத்துக்கு நைசா வேணும். எப்ப வந்து வாங்கிக்கட்டும்?"

அக்கா என்னைப் பார்த்தாள். புருவம், கண் இமை, காதோரம் எல்லாம் மாவு படிந்து வெள்ளையாக இருந்தது. உதடு லேசாக அசைந்தது. ஒரு சத்தமும் வரவில்லை. தூக்கை வாங்கி வரிசையில் வைத்தாள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. இன்னா பெரிய மில்லு, பதில் சொன்னா வாய் தேஞ்சிடுமா என்று முணுமுணுத்துக்கொண்டே அங்கேயே நின்றேன். என் முறை வந்தது. அக்கா ஸ்டார்ட்டரில் பச்சைப் பொத்தானை அழுத்தினாள். பெல்ட் படபடவென்று அடித்துக்கொண்டது. தரை நடுங்கியது. அவ்வளவுதான், அக்கா என் பக்கம் குனிந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினாள்.

"அரிசிய ஊற வெச்சு நெழல்ல காய வெச்சியாமா? ஈரம் இருந்தா கல்லுல ஒட்டிக்கும்! உன் வூட்டுக்காரரு எங்க வேல செய்றாரு? அந்த வூட்ல மழ வந்தா பின்கட்டு ஒழுகும், சொன்னாங்களா? சொல்லியிருக்க மாட்டாங்க!"

நான் பயந்தே போனேன். மாவு துணிப் பை வழியாகத் தூக்கில் இறங்கும்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள். சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். மிஷின் அடங்கியது. அவளும் அடங்கிவிட்டாள். "நாளைக்கு மல்லி கொண்டாரட்டுமாக்கா?" என்று கேட்டேன். உதடு மட்டும் அசைந்தது.

அந்தத் தெருவை விட்டு நான் வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. இப்போது ஓரிக்கைப் பக்கம் இருக்கிறேன். இன்றும் எங்காவது மாவு மில் ஓடுகிற சத்தம் கேட்டால் கையில் இருக்கிற தையலை அப்படியே வைத்துவிடுவேன். சத்தத்துக்காக இல்லை. சத்தம் நிற்கப் போகிறதே என்றுதான்.

மாவு மிஷின் பொத்தானை அழுத்தியதும் நின்றுவிடாது. முனகிக்கொண்டே கொஞ்ச நேரம் சுற்றி, பிறகுதான் ஓயும். அக்காவின் பேச்செல்லாம் அந்தக் கணக்கில்தான் நடக்கும். சத்தம் இறங்க இறங்க அவள் வேகம் கூடும். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழும். மிஷின் ஓய்வதற்குள் சொல்லி முடித்துவிட்டாள் என்றால் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். முடியாவிட்டால் மீதியை விழுங்கிவிடுவாள். மறுநாள் நான் கோதுமையோடு போனால், மிஷின் ஓட ஆரம்பித்ததும் "அதான், அவன் அன்னைக்கு அப்படி சொன்னானா..." என்று விட்ட இடத்திலிருந்து பிடிப்பாள். எந்த அவன், என்றைக்கு என்று எனக்குத்தான் மறந்து போயிருக்கும்.

அக்காவின் மகள் திவ்யா பிறந்ததிலிருந்து இதற்குப் பழகியவள். பள்ளிக்கூடத்தில் டீச்சர் திட்டியது, வயதுக்கு வந்தது, ஏனாத்தூர் காலேஜில் இடம் கிடைத்தது, எல்லாவற்றையும் மிஷின் ஓடும்போதுதான் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். திவ்யாவுக்கு அம்மாவின் உதட்டைப் பார்த்தாலே போதும், என்ன சொல்கிறாள் என்று தெரியும். போகப் போக எனக்கும் அந்த வித்தை வந்துவிட்டது. என் வீட்டு வாசலில் உட்கார்ந்து ஹெம்மிங் செய்துகொண்டே, எதிரில் அக்கா யாரைத் திட்டுகிறாள் என்று படித்துச் சிரித்துக்கொண்டிருப்பேன். மருமகளைக் கரித்துக்கொட்டுகிற ஒரு மாமியாரைப் பார்த்து, "அந்தப் பொண்ணு வாயில்லாப் பூச்சி, அதுங்கிட்ட ஏன் உன் வீரத்த காட்ற!" என்று ஒருநாள் கத்தினாள். அந்த அம்மா காதில் கை வைத்து "ஆங்?" என்றாள். அக்கா ஒன்றுமில்லை என்று தலையாட்டிவிட்டு அந்த அம்மா கொண்டுவந்த மிளகாயைத் தொட்டியில் கொட்டினாள்.

"ஏன்கா இப்படி?" என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் கேட்டேன், இல்லாவிட்டால் பதில் வராதே.

"சத்தம் இல்லன்னா எல்லாரும் கேக்குறாங்கல்ல, அதான்!" என்றாள்.

"கேக்கத்தானே பேசறோம்?"

"எல்லாரும் நம்ம வாயவே பார்த்துக்கினு இருப்பாங்க. எனக்கு நாக்கு மேல ஒட்டிக்கும். நெஞ்சு அடிச்சிக்கும். சத்தத்துல சொன்னா வேணும்ங்கறவங்க கேப்பாங்க, வேணாங்கறவங்க போவாங்க!"

எனக்கு அப்போது சிரிப்பு வந்தது. கருட சேவை அன்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பெருமாள் தெருவுக்குள் திரும்பியதும் கூட்டம் மொத்தமும் "கோவிந்தா!" என்று எழும்பியது. என் பக்கத்தில் அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கூப்பிக்கொண்டு, "முட்டி வலிக்குது! ராத்திரி தூக்கம் வரல! மில்லுக்கு ஒரு நாளு லீவு குடு!" என்று சாமியைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தாள். கூட்டம் ஓய்ந்ததும் அவளும் வாயை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, பரம சாதுவாக நின்றாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. எனக்கு மட்டும் தெரியும்.

சிரித்ததெல்லாம் கரண்ட் போன நாளோடு சரி.

அக்காவின் வீட்டுக்காரர் திவ்யா சின்னப் பெண்ணாக இருந்தபோதே போய்விட்டார். அதன் பிறகு குடும்பத்துக்கு எல்லாம் மூத்தார்தான், அதாவது அவருடைய அண்ணன். கெட்ட மனிதர் இல்லை. மில்லைத் திரும்ப ஓட வைத்ததும் அவர்தான், திவ்யாவைக் காலேஜில் சேர்க்க அலைந்ததும் அவர்தான். ஆனால் பேச்சுதான் அவருக்குத் தொழில். வெளியூர்க் கார்களை மறித்துப் பட்டுக் கடைக்குக் கூட்டிப் போகிற புரோக்கர். நின்றால் பேச்சு, உட்கார்ந்தால் பேச்சு. அக்காவுக்கு என்ன வேண்டும் என்பதையும் அவரே பேசி முடித்துவிடுவார்.

அன்றைக்குத் தொட்டி நிறையக் கோதுமை. அக்கா மூத்தாரைப் பற்றி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. காலியாக இருந்தால் மிஷின் மெல்ல ஓயும். வாய் வரை தானியம் இருந்தால் சட்டென்று மூச்சடைத்து நின்றுவிடும். அப்படித்தான் நின்றது. தெருவே கேட்கிற மாதிரி அக்காவின் குரல் மட்டும் வந்தது.

"எங்க மூத்தாரு பேசறதுக்கு நடுவுல மூச்சு விட்டார்னா நானும் ஒரு வார்த்த சொல்லுவேன்!"

மூத்தார் வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். என் நேரம், அவள் நேரம், எல்லாம் கெட்ட நேரம். வரிசையில் நின்றவர்கள் அவரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. சிரித்தார்.

"இதோ மூச்சு விட்டுட்டேன்மா. சொல்லு, இன்னா சொல்லணும்?"

அக்கா வாய் திறந்தபடி நின்றாள். மாவுக்கு மேல் வேர்வை கோடு கோடாக இறங்கியது. எல்லோரும் காத்திருந்தார்கள். அப்புறம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள், வரிசை முழுக்கச் சிரித்தது. அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மில் பல நாள் திறக்கவில்லை. காய்ச்சல் என்றாள் திவ்யா. திறந்த பிறகும் மிஷின் ஓடும்போதுகூட அவள் பேசவில்லை. எனக்கு அந்தச் சத்தம் பாழாய்ப் போன சத்தமாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் பேச்சு திரும்பி வந்தது. ஆனால் மூத்தார் பெயர் மட்டும் வராது.

அப்புறம் திவ்யாவுக்கு வரன் வந்தது. திருப்புட்குழிக்காரர்கள். பையன் கம்பெனியில் வேலை, நல்ல குடும்பம், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆவணியிலேயே முடித்துவிட வேண்டும், படிப்பை விட்டுவிடலாம் என்றார்கள். திவ்யாவுக்கு அது கடைசி வருஷம். அவள் பெரியப்பாவிடம் நேராகவே சொல்லிவிட்டாள், இப்போது வேண்டாம், பரீட்சை எழுத வேண்டும் என்று. அந்தக் காலத்துப் பெண்ணா அவள்? ஆனால் அவர் விடவில்லை.

"உங்கம்மா வேணாம்னு சொல்லட்டும், இப்பவே நிறுத்திடறேன். பெத்தவ வாயத் தொறக்கல, நீ இன்னா பெரிய மனுஷி?"

திவ்யா அழுதுகொண்டே மில்லுக்கு வந்தாள். மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் எதிர் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா மகளின் முகத்தைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்றேன், நீ அழாத! தட்டு மாத்தறதுக்கு முன்னாடி நானே சொல்றேன்!" என்றாள். திவ்யா அம்மாவின் உதட்டைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினாள். எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. மிஷின் ஓடும்போது கொடுத்த வாக்கு. நிறுத்திய பிறகு யார் காப்பாற்றுவது?

சும்மா இருக்க முடியுமா என்னால்? அக்காவை என் வீட்டுக்கு இழுத்து வந்தேன். "இதோ பாருக்கா, நான் தையல் மிஷினை மிதிக்கிறேன். உன் மில்லு அளவுக்கு இல்ல, ஆனா சத்தம் இருக்குது. நான்தான் உன் மூத்தாரு. சொல்லு" என்றேன். என்னை மூத்தாராக நினைத்துப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்புறம் சொன்னாள். என் மிஷின் சத்தத்துக்கு அவள் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுத் தறி நின்றே போனது. நெய்துகொண்டிருந்தவர் எட்டிப் பார்த்து, "இன்னாமா சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவளுக்கு நடுக் குரல் என்பதே கிடையாது என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒன்று மில் குரல், இல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை.

தையல் மிஷினை மெல்ல மெல்ல மிதித்தேன். திக்கித் திக்கிச் சொன்னாள். அடுத்து மிஷினை நிறுத்திவிட்டு ஃபேனை மட்டும் ஓட விட்டேன். "வேணாம்..." வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. ஃபேனையும் நிறுத்தினேன். அவ்வளவுதான், தலையைக் குனிந்துகொண்டாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு அழுகையும் எரிச்சலும் சேர்ந்து வந்தது. "ஒரு வார்த்தைக்கா! ஒரே ஒரு வார்த்தை!" என்று கத்தினேன். என்ன பிரயோஜனம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மில் மூடியிருந்தது. மில்லுக்குப் பின்னாலேயே வீடு, நடுவில் ஒரு கதவு. கூடத்தில் பாய் விரித்து மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் பூ, பழம், வெற்றிலை. மூத்தார் பேசிக்கொண்டே இருந்தார். கடையில் புடவையைப் பிரித்துக் காட்டுவது போல் திவ்யாவின் அடக்கம், சமையல், படிப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். நான் திவ்யாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா சுவரோரம் நின்றிருந்தாள். அன்றைக்கு முகத்தில் மாவு இல்லை. மாவு இல்லாத அந்த முகம் எனக்கு யாரோ போல் இருந்தது.

மூத்தார் தட்டைக் கையில் எடுத்தபோது மாப்பிள்ளையின் அம்மா தடுத்தாள்.

"பொண்ணோட அம்மா ஒண்ணுமே சொல்லலியே?"

"அவங்க பேச மாட்டாங்கம்மா. நான் சொன்னா அவங்க சொன்ன மாதிரி."

"இல்லீங்க. எங்க வழக்கம் இது. பெத்தவங்க வாயால ஒரு வார்த்த வரட்டும், அப்புறம் மாத்திக்கலாம்."

கூடத்தில் எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். தலைக்கு மேல் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. சொல்லுக்கா, ஃபேன் இருக்குது, 'வேணாம்' வரைக்கும் வருமே, அது போதும், சொல்லு என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. அக்காவின் உதடு அசைந்தது.

மூத்தார் அந்தப் பக்கம் காதைக் கொடுத்தார். "அவங்களுக்குக் குரலு சன்னம். அந்த ஃபேனை நிறுத்துங்கப்பா, கேக்கட்டும்" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். யாரோ எழுந்து நிறுத்திவிட்டார்கள்.

ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது. ஞாயிற்றுக்கிழமை என்பதால் எதிரில் என் பக்கத்து வீட்டுத் தறியும் ஓடவில்லை. அப்படி ஒரு அமைதியை அந்தத் தெருவில் நான் கேட்டதே இல்லை. அக்கா வாயைத் திறந்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. ஒன்றும் வரவில்லை. திவ்யா தலையைக் குனிந்துகொண்டாள், கண்ணீர் மடியில் சொட்டியது. மாப்பிள்ளையின் அம்மா அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டு சிரித்தாள்.

"பூரிப்புல பேச்சு வரல" என்றார் மூத்தார். தட்டு மறுபடி மேலே எழும்பியது.

அக்கா சட்டென்று திரும்பி மில் கதவைத் திறந்துகொண்டு உள்ளே போனாள். காபிக்குப் போகிறாள் என்று நினைத்தார்கள். நான் பயந்து ஓடிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். எல்லாம் முடிந்தது என்று திவ்யாவின் கையைப் பிடித்தேன்.

மிஷின் ஓடியது.

ஓடின விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மிஷின் காலியாக ஓடுகிறது. காலியாக ஓடவே கூடாது, கல்லும் கல்லும் உரசிப் பொறி பறக்கும், கல் பாழாகும். அதற்காகவே கைக்கெட்டும் தூரத்தில் ஒரு படி நொய் வைத்திருப்பவள் அவள். அன்றைக்கு அதைப் போடவில்லை. கருகின கல் வாசனை கூடத்துக்குள் வந்தது. சுவர் அதிர்ந்தது, தட்டில் இருந்த எலுமிச்சம்பழம் உருண்டு கீழே விழுந்தது.

அக்கா கதவில் வந்து நின்று பேச ஆரம்பித்தாள். கையை நீட்டி நீட்டிப் பேசினாள். ஒருவருக்கும் ஒன்றும் கேட்கவில்லை. மூத்தார் தட்டோடு எழுந்து "இன்னாம்மா இது! நிறுத்து!" என்று கத்தினார், அதுவும் கேட்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா என் காதோடு, "இன்னா சொல்றாங்க?" என்றாள். எனக்கு ஒரு வார்த்தை விடாமல் தெரியும். திவ்யாவுக்கும் தெரியும். நான் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கா விரலை என் பக்கம் நீட்டினாள். "நீ சொல்லாத! நான் சொல்லிக்கினு இருக்கேன்ல!" அதையும் உதட்டில்தான் படித்தேன். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது ஒரு அதிசயம்.

அக்கா பேசிக்கொண்டே பின்னால் நகர்ந்து, கையைப் பின்னுக்கு நீட்டி, சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். பேசிக்கொண்டே கதவுக்குத் திரும்பி வந்தாள்.

காலி மிஷின், மெல்லத்தான் ஓயும். சத்தம் இறங்க ஆரம்பித்தது. இப்போது வேகமெடுப்பாள், ஓய்வதற்குள் முடித்துக்கொண்டு வாயை மூடிவிடுவாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அவள் வேகமெடுக்கவில்லை. சத்தம் இறங்க இறங்க, கிணற்றில் தண்ணீர் இறங்கிப் படி தெரிகிற மாதிரி, அவள் வார்த்தைகள் ஒவ்வொன்றாக வெளியே தெரிந்தன. "...பரீட்ச..." என்று ஒன்று. "...அவ என்கிட்ட அழுதா..." என்று ஒன்று. பெல்ட் கடைசியாக ஒருமுறை தட்டிவிட்டு நின்றது. அக்கா நிற்கவில்லை.

"என் பொண்ணு வேணாம்னு சொன்னா! நானும் வேணாம்னுதான் சொல்றேன்! அவ படிச்சு முடிக்கணும்! உங்க மேல ஒரு கொறையும் இல்ல, இந்தக் கல்யாணம் இப்ப வேணாம்!"

மில் குரல், ஒரு சுதி குறையவில்லை. எதிர் வரிசையில் எங்கோ ஜன்னல் திறக்கிற சத்தம் வந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த சைக்கிள் ஒன்று கிறீச்சென்று நின்றது. அக்கா மூச்சு வாங்கினாள், எங்கும் ஒரு சத்தம் இல்லை. எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது தெரிந்தது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். நான் பெருமாளைக் கூப்பிட்டேன்.

மூத்தார் காதில் விரலை வைத்து ஆட்டிக்கொண்டார்.

"கேக்குதும்மா" என்றார். "மிஷின்தான் நின்னு போச்சே. கொஞ்சம் மெதுவா சொல்லு."

"மெதுவா சொல்லத் தெரியாது மாமா!" என்று கத்தினாள் அக்கா. கண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. "எனக்கு இப்படித்தான் வரும்! இப்படியே கேளுங்க!"

அவர் தட்டைக் கீழே வைத்தார். அக்கா மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.